இடப்பக்கம் சுற்றிய கயிறு

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடற்கரையில், சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்பதைக்கூடத் தாமே சரிபார்த்த பிறகு ஏற்றுக்கொண்ட மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் சாரங்கு. ஏற்றுக்கொண்டார் என்று சொல்வதும் மிகைதான். "காம்பஸ் வெச்சே பாத்துகீறேன் சார். வருசம் பூரா கொஞ்சம் கொஞ்சம் தள்ளித்தான் வருது. கெழக்குன்னு மொத்தமா சொல்லிகினு கீறாங்க, அவ்ளோதான்" என்பார். சூரியனுக்கே இவ்வளவுதான் மரியாதை என்றால், ஓய்வுபெற்ற அலுவலகத் துணைக் கண்காணிப்பாளனான எனக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நானும் சாரங்கும் ஒரே முதலாளியிடம் ஊதியம் வாங்கியவர்கள். அந்த முதலாளி நாட்டு அரசாங்கம். அரசாங்கத்துக்குச் சொந்தமான கப்பல் கம்பெனியின் சென்னைக் கிளையில் நான் மேசைக்குப் பின்னால் இருந்தேன். அவர் அதே கம்பெனியின் கப்பல்களில் மேல்தளத்தில் இருந்தார். சாரங்கு என்பது பெயரன்று, பதவி. தளத்தில் வேலை செய்யும் மாலுமிகளுக்கெல்லாம் தலைவர். நங்கூரம், கயிறு, பாரந்தூக்கி யாவும் அவர் பொறுப்பு. கடைசி சில ஆண்டுகள் கரைக்கு வந்து துறைமுகத்துக் கிடங்கில் பணிபுரிந்து ஓய்வுபெற்றார். மாதா கோயிலில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருக்கவேண்டும். ஆனால் அவருடைய மனைவி லூர்து அக்காவே வீட்டுக்குள் அவரைச் "சாரங்கு" என்றுதான் அழைப்பார். அவர் பெயர் என்ன என்று ஒருமுறை நான் கேட்டபோது, "எதுக்குக் கேக்கற?" என்று பதில் வந்தது. அத்துடன் விட்டுவிட்டேன்.

காசிமேட்டு மீன்சந்தையில் அவரைக் கண்டால் கூடையை மூடிவிடும் பெண்கள் உண்டு. மீனின் ஒரு கண்ணைப் பார்த்தால் அவருக்குப் போதாது. புரட்டிப்போட்டு மறு கண்ணையும் பார்க்கவேண்டும். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தால், "எப்டி ரெண்டும் ஒரே மாறி கீது?" என்று புதிதாக ஓர் ஐயம் எழும்.

"யோவ் சாரங்கு, மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று ஒரு பெண்மணி கேட்டதை நான் என் காதால் கேட்டேன். சாரங்கு அசரவில்லை. "பொண்ணு பாக்கப் போனப்ப இவ்ளோ பாக்கல. அதான் இப்ப பாக்கறேன்" என்றார். லூர்து அக்கா அப்போது அவருக்குப் பின்னால்தான் பையுடன் நின்றிருந்தார்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்கவேண்டும். முன்பெல்லாம் நேரில் போய்க் கையெழுத்திடுவோம். இப்போது செல்பேசியில் முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் செயலாளர் நசீர் பாய், கம்பெனிக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்தால் முதலில் ஏறிப்போய்த் தாள்களை வாங்கிவரும் பணியில் இருந்தவர். பொறுமைசாலி. அவர் செல்பேசியுடன் திருவொற்றியூரில் சாரங்கின் வீட்டுக்கே போனார். நானும் உடன் போயிருந்தேன்.

"சாரங்கு, கண்ண சிமிட்டுப்பா."

"எதுக்கு?"

"சிமிட்டுனாதான்பா நீ உசுரோட கீறேன்னு அதுக்குத் தெரியும்."

"நான் கண்ண மூடுற நேரத்துல அது இன்னா பண்ணும்?"

"ஒண்ணியும் பண்ணாது. படம் புடிக்கும்."

"கண்ணு தொறந்துகிறப்ப புடிக்கத் தெரியாதா அதுக்கு? மூடுனப்புறம்தான் புடிப்பேன்றானே, ஏன்?"

நசீர் பாய் செல்பேசியை இன்னும் அருகில் நீட்டினார். அரைமணி நேரம் சாரங்கு அந்தக் கருவியைக் கண்கொட்டாமல் முறைத்தார். கப்பல் முகப்பில் நின்று காற்றையும் உப்பையும் எதிர்த்துப் பழகிய கண்கள் அவை. செல்பேசிதான் முதலில் சோர்ந்தது. மனிதர் உயிருடன் இல்லை என்று அது மூன்று முறை முடிவு சொன்னது. இறுதியில் லூர்து அக்கா உள்ளே போய்க் காய்ந்த மிளகாயை வாணலியில் போட்டு வறுத்தார். சாரங்கு சிமிட்டினார். நானும் சிமிட்டினேன். நசீர் பாய் இருமிக்கொண்டே படம் எடுத்தார். அரசாங்கத்துக்குச் சாரங்கின் மீதிருந்த ஐயம் அன்றோடு தீர்ந்தது. அவருக்கு அரசாங்கத்தின் மீதிருந்த ஐயம் தீரவில்லை.

இப்படிப்பட்டவர் இருக்கும் சங்கத்தில்தான், கம்பெனியின் வரலாற்றை எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால் அந்தப் பணி என்னைத் தேடி வந்தது. அரசாங்கம் கம்பெனியை விற்கப்போகிறது என்று செய்தித்தாள்கள் அவ்வப்போது எழுதிவந்த காலம் அது. விற்றுவிட்டால் சென்னை ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல ஒரு தாளும் மிஞ்சாது என்று நாங்கள் அஞ்சினோம். சாரங்கு மட்டும் அஞ்சவில்லை. "விக்கிறேன் விக்கிறேன்னு தண்டோரா போடறவன் விக்கமாட்டான் சார். விக்கிறவன் சொல்லமாட்டான். எதுக்கும் நீ எளுதி வெச்சுக்க" என்று ஆசி வழங்கினார்.

ராயபுரத்தில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கின் மாடியில் எங்கள் சங்க அறை. வாரந்தோறும் நான் எழுதிய பகுதியை அங்கே படிப்பேன். நாடு விடுதலை பெற்றபோது நம் சரக்கையெல்லாம் அயல்நாட்டார் கப்பல்களே பெரும்பாலும் சுமந்தன. அந்த நிலையை மாற்ற அரசாங்கம் கிழக்குத் திசைக்கு ஒன்றும் மேற்குத் திசைக்கு ஒன்றுமாக இரு கம்பெனிகளைத் தொடங்கிப் பின்னர் இரண்டையும் ஒன்றாக்கியது என்பது முதல் அத்தியாயம். நல்ல நடையில் எழுதியிருந்தேன். படித்து முடித்ததும் கைதட்டல்கூட எழுந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து சாரங்கு கையை உயர்த்தினார்.

"சார், ரெண்டு கம்பெனின்னு சொல்றியே, ரெண்டுத்துக்கும் தனித்தனியா பெரிய மேனேஜர் இருந்துருப்பான் இல்ல?"

"இருந்திருப்பாங்க."

"ஒண்ணாக்குனப்புறம் ஒரு மேனேஜர்தானே?"

"ஆமாம்."

"அப்போ இன்னொர்த்தன் இன்னா ஆனான்?"

அதுவரை அந்த இன்னொருவரைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. அந்தக் கணம் முதல் அனைவருக்கும் அவர் உறவினரைப் போல ஆகிவிட்டார். ஒரு மாதம் நூலகங்களில் அலைந்தேன். அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் என் முதல் அத்தியாயத்தில் நான்கு தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்தினேன் என்பதை நேர்மையாகக் குறிப்பிடவேண்டும்.

கோதுமை ஏற்றிவந்த கப்பல்கள், எண்ணூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி சுமந்தவை, மணலி ஆலைக்குக் கச்சா எண்ணெய் கொணர்ந்தவை என்று அத்தியாயங்கள் நகர்ந்தன. சாரங்கின் கையும் தவறாமல் உயர்ந்தது. "சார்" என்பதையும் "நீ" என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி என்னைக் குறுக்கு விசாரணை செய்த மனிதர், என் பணிக்காலம் முழுவதிலும் அவர் ஒருவர்தான்.

சிக்கல் அட்டைப்படத்தில் வந்தது.

மாத்தூரில் வசிக்கும், மறைந்த கப்பல் அதிகாரி ஒருவரின் மகள், தம் தந்தையின் பெட்டியிலிருந்து ஒரு பழைய நெகட்டிவ் படச்சுருளை எனக்குத் தந்தார். அதில் ஒரு படம் அற்புதமானது. அந்தமானுக்குப் பயணிகளை ஏற்றிச்சென்ற எங்கள் கப்பலின் முன்தளத்தில் கேப்டனும் அதிகாரிகளும் மாலுமிகளுமாக ஆறு பேர் நிற்கிறார்கள். கப்பலின் பெயர் எழுதிய மிதவை வளையத்தைத் தலைமைச் சமையற்காரரின் உடல் முழுதாக மறைத்திருக்கிறது. ஓரத்தில், பருத்த கயிற்றுச் சுருள் ஒன்றின் பக்கத்தில், முறுக்கிய மீசையுடன் இளமைக்காலச் சாரங்கு. அந்த அறுவரில் இன்று உயிருடன் இருப்பவர் அவர் ஒருவரே. வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து அச்செடுத்தேன். நூலை வெளியிட மும்பைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இயக்குநர் வருவதாக ஒப்புக்கொண்டார். அட்டைப்படத்தில் இருப்பவரையே மேடையில் நிறுத்திச் சால்வை போர்த்தவேண்டும் என்று விருப்பமும் தெரிவித்தார். அதைவிட மேலான முடிவு ஒரு வரலாற்று நூலுக்கு வேறென்ன வேண்டும்?

அட்டையின் மாதிரித்தாளைச் சங்க அறையில் சாரங்கிடம் பெருமிதத்துடன் நீட்டினேன். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"இது நான் இல்ல."

நசீர் பாய் சிரித்துவிட்டார். "உன் மூஞ்சிதானேப்பா?"

"மூஞ்சி என்னுது மாறி கீது. வேல என்னுது இல்ல. கயிறப் பாரு பாய், எடப்பக்கமா சுத்தி வெச்சுகீறான். என் டெக்குல எவனும் எடமா சுத்தமாட்டான்."

கப்பற்கயிறு வலமுறுக்காகத் திரிக்கப்படுவது. அதைக் கோயிலை வலம் வருவதுபோல வலப்பக்கமாகவே சுற்றிவைக்கவேண்டும். இடப்பக்கமாகச் சுற்றினால் முறுக்கேறி, ஓடும்போது திடீரென்று கண்ணி விழுந்து, பக்கத்தில் நிற்பவரின் காலைப் பிடித்துக்கொள்ளும். இவையெல்லாம் சாரங்கு எனக்கு அன்று சொன்னவை. அலுவலகத்தில் நாங்கள் கண்ட கயிறு கோப்புகளைக் கட்டும் நாடா ஒன்றுதான்.

"சாரங்கு, அட்டையைப் பார்க்கிறவங்க உங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க. கயிற்றை யார் பார்க்கப்போறாங்க?" என்றேன்.

"கப்பல்காரன் மூஞ்சியப் பாக்கமாட்டான் சார். கயிறத்தான் பாப்பான்." அவர் குரலில் வழக்கமான குறும்பு இல்லை. "நான் சாரங்கா இருந்த மட்டும் என் டெக்குல ஒர்த்தனுக்கும் கால் போனது கெடையாது. எனக்குன்னு கீறது அந்தப் பேரு ஒண்ணுதான். இந்தப் படத்தப் போட்டு நான்தான்னு எளுதுனா, மேடையில ஏறி நானே சொல்லுவேன், இது நான் இல்லன்னு."

சொன்னால் செய்வார். இயக்குநருக்கு முன்னால், ஒலிபெருக்கியில் சொல்வார். நூலின் முகவுரையில் "இதில் இடம்பெற்ற ஒவ்வொரு படமும் என்னால் நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று நான் எழுதியிருந்தேன். படத்தில் இருப்பவரே தாம் அவரில்லை என்று மறுத்தால், அந்த வாக்கியத்துக்கும் அதன் கீழுள்ள என் பெயருக்கும் என்ன மதிப்பு?

"உங்க முகம் இதுன்னா பக்கத்துல இருக்கிறது கேப்டன்தானே?" என்று மடக்கப் பார்த்தேன்.

"அவனும் டூப்புதான். நம்ம கேப்டன் எடது கையில வாட்ச்சு கட்டுவாரு. இவன் வலது கையில கட்டிகினு கீறான்."

"வியர்வைக்காக மாற்றிக் கட்டியிருக்கலாம்" என்றேன். அந்த விளக்கம் எனக்கு அப்போது மிகவும் பொருத்தமாகத் தோன்றியது.

"ஆறு பேரையும் எங்கியோ செட்டப் பண்ணிகீறாங்க சார். எவனோ நம்ம கப்பல அவன் கப்பல்னு காட்ட ஏற்பாடு பண்ணிகீறான்."

அந்த வாரத்தைப்போல ஒரு வாரத்தை நான் கண்டதில்லை. சாரங்கை யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று நான் சந்தேகித்தேன். நூலின் பதிப்பாசிரியர் பதவியில் கண் வைத்திருந்த ஒரு முன்னாள் கணக்கர் மீதுதான் எனக்கு ஐயம். அந்த மனிதரோ, சால்வையை வேறு எவருக்கோ போர்த்த நானே நாடகம் ஆடுகிறேன் என்று சந்தேகித்தாராம். நசீர் பாய் எங்கள் இருவரையும் சந்தேகித்தார். தேநீர் கொண்டுவருபவர் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டோம். ஒரு சாரங்கு இருந்த சங்கத்தில் அந்த வாரம் அனைவருமே சாரங்காகிவிட்டோம்.

அன்று பிற்பகல் அட்டை அச்சேறவேண்டும் என்ற நிலையில், காலையில் மாதிரித்தாளை எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்கு ரயில் ஏறினேன். கெஞ்சும் பழக்கம் எனக்கு இல்லை. ஆயினும் ரயிலில் இரண்டு மூன்று வாக்கியங்களை அமைத்துவைத்துக்கொண்டேன்.

கடலைப் பார்த்த சந்தில் இரண்டு அறை வீடு. வாசலில் தூணில் மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் நின்று சாரங்கு சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. திரும்பாமலேயே, "வந்துட்டியா சார். குந்து" என்றார். லூர்து அக்கா நாற்காலியைப் போட்டார்.

"அந்தப் படத்துக்கா சார் வந்தீங்க? பேஜாரு புடிச்ச மனுசன் சார் இது. எங்க கல்யாணப் படத்தக் கையில வெச்சுகினு, 'மெய்யாலுமே இது நீதானா'ன்னு என்னியே கேட்டவரு."

"பவுடர் அப்டிப் போட்டிருந்தாங்கோ" என்றார் சாரங்கு கண்ணாடியிடம்.

நான் அவருக்குப் பின்னால் அமர்ந்து, மாதிரித்தாளை உயர்த்திப் பிடித்தேன். "சாரங்கு, கடைசியாக ஒருமுறை நல்லாப் பாருங்க. மனசாட்சியோட சொல்லுங்க" என்று அமைத்துவைத்த வாக்கியங்களில் முதலாவதைத் தொடங்கினேன்.

சவரக்கத்தி நின்றது. அவர் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய்" என்றார் மெல்ல. "இது நம்ம கப்பலு."

திரும்பி என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இது இல்ல." மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். "இது நம்ம கப்பலு! கயிறு வலமா கீது! அதோ நான்!" மறுபடி தாள். "இது இல்ல."

"அய்யய்யோ, இன்னா ஆச்சு இந்தாளுக்கு?" என்று லூர்து அக்கா கலங்கினார்.

சாரங்குக்கு முதலில் கண்ணாடியின் மீதுதான் சந்தேகம் வந்தது. அதைக் கழற்றிப் பின்புறம் பார்த்தார். நான் என் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். ஆறு மாதமாக நாள் தவறாமல் பார்த்த படம். கேப்டனின் கடிகாரம் வலது கையில் இருந்தது. அதுமட்டுமா? ஆறு பேருடைய சட்டைப்பைகளும் வலது மார்பில் இருந்தன. உலகத்தில் எந்தத் தையற்காரர் ஆறு பேருக்கும் அப்படித் தைப்பார்? படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது.

அப்போதுதான் வண்ணாரப்பேட்டை ஸ்டூடியோ நினைவுக்கு வந்தது. அந்தக் கடைக்காரர் படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்து, "சார், இது எந்தப் பக்கம் வரும்னு தெரியலியே?" என்று தயங்கினார். நான் தயங்கவில்லை. "இந்தப் பக்கம்தான்" என்று விரல் நீட்டிச் சொன்னேன். என்னை அவர் நம்பினார். அதுதான் நடந்த தவறு. வேறு எவர் பங்கும் அதில் இல்லை.

அதைச் சாரங்கிடம் சொன்னேன். எளிதாகச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். அவர் பாதி முகத்து நுரையுடன் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அவரைப் பொய்யராக்க முயன்ற என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மறு கன்னத்தையும் வழித்துமுடித்தார். சட்டையை மாட்டினார்.

"வா சார், அச்சாபீசுக்குப் போலாம். அவன் மிசின ஓட்டிட்டா வேல கெட்டுரும்" என்றார். அச்சகத்தில், திருப்பிய படம் வெளிவரும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார். வந்ததும் கயிற்றை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகுதான் தம் முகத்தைப் பார்த்தார்.

அட்டை தாமதமானது. விழாவுக்கு முந்தின நாள் மாலை, நிர்வாகக் குழு முழுவதும் கூடியிருந்த அறையில் நசீர் பாய் புதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சினத்துடன் நின்றார். பொறுமைசாலிகள் சினந்தால் தாங்கமுடியாது.

"இன்னா சார் இது? போன வாரம் காட்டுனப்ப சாரங்கு இந்தப் பக்கம் நின்னுகினு இருந்தாரு. இப்ப அந்தப் பக்கம் போயிட்டாரு. கடைசி நேரத்துல அச்ச நிறுத்தி மாத்திகீறீங்க. யாரு சொல்லி மாத்துனது? முன்னாடி யாரு சரிபாத்தது?"

பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "இது குறித்து நான் ஒரு விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்" என்று தொடங்கினேன்.

"நான்தான் பாய்" என்றது பின்வரிசை.

சாரங்கு எழுந்து நின்றார். "போட்டோல ஒரு ஓரமா தள்ளி வெச்சுகீறாங்களே, எனக்கு அந்தப் பக்கம் ராசியில்ல, திருப்பிப் போடுன்னு அடம் புடிச்சேன். அதுக்குத்தான் 'இது நான் இல்ல'ன்னு ஒரு வாரமா கெளப்பிவுட்டேன். போடலன்னா மேடை ஏறமாட்டேன்னுட்டேன். சார் பாவம், வேற வழியில்லாம மாத்துனாரு."

அறை வெடித்துச் சிரித்தது. "அதானே பாத்தேன்! நீ இல்லாம இங்க ஒரு தகராறு நடக்குமா?" என்று நசீர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். அந்த முன்னாள் கணக்கர், "இவருக்கு ராசி பார்க்கவே தனியா ஒரு துறை வெக்கணும்" என்றார். எவருக்கும் சிறு ஐயமும் எழவில்லை. அவ்வளவு பொருத்தமாக இருந்தது அந்தப் பழி. நான் அறிந்த அளவில் சாரங்கு சொன்ன ஒரே பொய் அதுதான். அதை மட்டும் அனைவரும் உடனே நம்பினார்கள்.

நான் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க முயலவும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

விழா நன்றாகவே நடந்தது. இயக்குநர் போர்த்திய சால்வையைச் சாரங்கு மேடையிலேயே கழற்றி உட்புறம் திருப்பிப் பார்த்தார். படத்தில் இருப்பது தாம்தான் என்று ஒலிபெருக்கியில் ஒப்புக்கொண்டார். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற மாலுமிகள் சிலர் அட்டையைக் கையில் வாங்கியதும் முதலில் கயிற்றைத்தான் பார்த்தார்கள். நான் கவனித்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவரை ராயபுரம் ரயில்நிலையம்வரை நடந்து கொண்டுபோய்விட்டேன். அதற்குமுன் நான் எவரையும் அப்படிக் கொண்டுபோய்விட்டதில்லை. லூர்து அக்கா சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"சாரங்கு, ஏன் அப்படிச் சொன்னீங்க? தப்பு என்னுது" என்றேன்.

"இன்னா சார் நீ, இதப் போய்ப் பெர்சா பேசிகினு." முன்னால் போகும் சால்வை மண்ணில் படுகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தார். "என் பேரு ஏற்கெனவே கலீஜ் சார். கிடங்குல போட்டுக்கற காக்கிச் சட்ட மாறி. அதுல இன்னொரு கறை பட்டா எவனுக்குத் தெரியப்போவுது? உன் பேரு அப்டி இல்ல. வெள்ளச் சட்ட. ஒரு சொட்டு மை வுளுந்தாலும் நாலு தெருவுக்குத் தெரியும். நீ தாங்கமாட்ட."

ரயில் வந்தது. லூர்து அக்காவை ஏற்றிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். நான் தாங்கமாட்டேன் என்பதை அவர் எப்படி அறிந்தார் என்று யோசித்துக்கொண்டே தனியே திரும்பி நடந்தேன்.

அவர் திருவொற்றியூரில் நலமாக இருக்கிறார். சங்கத்தில் இன்றும் அவரைப் பார்த்தால், "இன்னா சாரங்கு, இன்னிக்கு எந்தப் பக்கம் ராசி?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவரும் உடன் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எழும்போதெல்லாம் நான் ஏதோ ஒரு தாளைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்கிறேன். ஆகவே, இந்த வார இதழை வாங்கும் சங்கத்தார் அனைவரும் அறியும்படி இங்கே எழுதுகிறேன்: அவர் ராசி பார்க்கவில்லை, அடம் பிடிக்கவில்லை, படத்தைச் சரிபார்க்கத் தவறியவன் நான். அந்த ஒரு சொட்டு மை என் சட்டைக்கு உரியது. சாரங்கு, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன்.